ரேடியோவில் வராத பேர்

கந்தையாவுக்கு முதலில் துரோகம் செய்தவன் அவருடைய மச்சான் ஸ்ரீதரன். நடந்து நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. கந்தையாவுக்கு அது போன வெள்ளிக்கிழமை மாதிரி.

அப்போது அவர் புது மாப்பிள்ளை. யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு தபாலட்டை வாங்கி, எழுதப் படிக்கத் தெரிந்த மச்சானிடம் கொடுத்தார். "ரேடியோவுக்குப் பாட்டு கேட்டு எழுதுங்க. நம்ம வீட்டு ஆளுங்க எல்லார் பேரையும் போடுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அட்டையை ரேடியோவில் வாசித்தார்கள். அடடா, அந்தக் காலத்து அறிவிப்பாளர்களின் குரல்! மழை வரும் என்று அவர்கள் சொன்னால், வராத மழைக்கும் ஜனங்கள் குடையோடு போவார்கள். யாருடைய பேரை அவர்கள் சொன்னாலும் அந்தப் பேர் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்து நிற்கும். அப்பேர்ப்பட்ட குரல் ஸ்ரீதரன் என்றது. புதுப்பெண்டாட்டி மல்லிகா என்றது. மாமியார் சுப்பம்மா என்றது. கடைசியாக, "லெட்சுமி" என்று குழைந்து சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டது.

லெட்சுமி, மாமியார் வீட்டுப் பசு மாடு.

"அட்டையில எடம் பத்தல மச்சான்" என்றான் ஸ்ரீதரன். மாட்டுக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது. இன்றுவரை அதற்கு ஒரு மன்னிப்பு கிடையாது.

சாவதற்குள் தன் பேரை ரேடியோவில் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். கொடகவெலயில் இருக்கும் மச்சானும் அதைக் கேட்க வேண்டும். கந்தையாவுக்கு வேறு ஆசை இல்லை.

இப்போது அட்டை வேண்டாம், போன் போதும். இந்தக் காலத்து அறிவிப்பாளர்களையும் அவர் குறை சொல்ல மாட்டார். நாலு மணிக்கு வருகிற அம்ரா மூச்சு விடாமல் பேசுவாள். கேட்கிறவருக்கு அலுப்புத் தீரும். எங்கோ ஒரு ஊரில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த வாரம் மறக்காமல் விசாரிப்பாள். டீவியில் முகத்தைக் காட்டுகிறவர்களுக்குக்கூட அந்த நெருக்கம் வராது.

மூன்று நாள் கந்தையாவுக்கு லைன் கிடைத்தது. மூன்று நாளும் அம்ரா ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள்.

"ஐயா, வீட்டு ரேடியோ சத்தத்த கொறைங்க!"

குறைத்தால் தன் பேரைத் தானே எப்படிக் கேட்பது? அவர் குறைக்கவில்லை. ரேடியோ ஊளையிட்டது. லைன் போயிற்று. மூன்றாம் நாள் மட்டும் "கந்" வரைக்கும் நாடு முழுவதும் கேட்டது.

போனைத் தூரமாகக் கொண்டுபோய்ப் பேச ஆள் வேண்டும். மல்லிகா பேசலாம். ஆனால் நாலு மணிக்கு அவளுக்கு டீவியில் நாடகம்.

நாலாம் நாள் காலையில் டிஷ் வயர் காணாமல் போனது.

"ஏங்க, டீவி செத்துப் போச்சு."

"அனே பாவம்" என்றார் கந்தையா. "நாலு மணிக்குச் சும்மாதானே இருப்ப? இந்தப் போன எடுத்துக்கிட்டு தண்ணிப் பீலிகிட்ட போ. அம்ராகிட்ட பேசி, என் பேருக்கு ஒரு பாட்டு கேளு."

"ஹரி. போறேன்" என்று உடனே சம்மதித்தாள் மல்லிகா. முகத்தில் பால் வடிந்தது. நாற்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனுக்கு அப்போதாவது பயம் வந்திருக்க வேண்டும்.

நாலு மணி. லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி ரேடியோவை முறுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"வணக்கம்மா, யாரு பேசுறது?"

"யட்டியாந்தோட்டை மல்லிகா. எங்க அண்ணன் ஸ்ரீதரனுக்கும், எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு பாட்டு போடுங்க."

"வீட்டுக்காரர் பேரு?"

கந்தையா காதை ரேடியோவோடு ஒட்டினார்.

"அய்யய்யோ, புருசன் பேர வாயால எப்பிடிம்மா சொல்றது? அவருதான் சொல்லக்கூடாதுன்னு கல்யாணத்தன்னிக்கே சத்தியம் வாங்குனாரு."

"சரிம்மா. எதுக்காக இந்தப் பாட்டு?"

"டீவி வயர ஒளிச்சு வைக்க வீட்டுல எத்தன எடம் இருக்கு! மூணு வேளையும் நான் கை விடுற அரிசித் தகரத்துக்குள்ள வச்சாரும்மா. அந்த மூளைக்காக."

அம்ரா சிரித்தாள். லயம் முழுவதும் சிரித்தது. பாட்டு முடிவதற்குள் போனோடு திரும்பி வந்த மல்லிகா வயரைத் தட்டி மாட்டினாள். அரிசி இரண்டு உதிர்ந்தது. நாடகம் தெரிந்தது.

"ஏன் புள்ள, ஒரு தடவ சத்தியத்த மீறுனா என்னவாம்?"

"ஷ்... வெளம்பரம் வரட்டும், பேசலாம்."

அப்போது கொடகவெலயிலிருந்து போன் வந்தது.

"மச்சான், ரேடியோல எம் பேரு மறுபடியும் வந்துச்சே, கேட்டீங்களா?"

கந்தையா போனைக் கீழே வைத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் இப்போது இரண்டு பேர். ஒருத்தன் கொடகவெலயில் இருக்கிறான். அவனோடு எத்தனை வருஷமும் பேசாமல் இருந்துவிடலாம். மற்றவளோடு, ராத்திரிச் சோறு வரைக்கும்தான்.