கோணாமலை சொன்ன பெயர்கள்

"மீன்பாடினி" என்று கோணாமலை மறுபடியும் சொன்னார்.

மங்கையற்கரசி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"காதில விழுந்ததா?"

"விழுந்திச்சு. பள்ளிக்கூடத்தில 'மீனு, மீனு' எண்டு கூப்பிட்டுப் பின்னால பூனை மாதிரிக் கத்துவானுகள். பரவாயில்லையா?"

"நம்மட வாவியில மீன் பாடுது எண்டு ஊருலகமே சொல்லுது. பேத்திக்கு அந்தப் பேர வைச்சா என்ன?"

"மீன் பாடட்டும். புள்ள படிக்கணும்."

அதற்கு மேல் மனைவியோடு வாதாடுவதில் பயனில்லை. ஆனால் இந்த முறை கோணாமலை விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஏனென்றால், அவருடைய அபிப்பிராயத்தை ஒருவர் வலியக் கேட்டிருந்தார். அதுவும் மருமகன்.

செட்டிபாளையம் பிரதான வீதியில் கோணாமலைக்கு ஓர் அச்சகம் உண்டு. கல்யாணக் கார்டு, பெண் பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குக் கார்டு, மரண அறிவித்தல் என்று ஊராரின் பெயர்கள் எல்லாம் அவர் கைவழியாகத்தான் போய்வந்தன. ஆனால் அவர் வைத்த பெயருக்கு இன்றுவரை ஓர் உயிரும் திரும்பிப் பார்த்ததில்லை. கடைக்கு 'எழினி அச்சகம்' என்று ஆசையாக வைத்தார். சனங்கள் 'எலி அச்சகம்' என்றார்கள். வங்கியில் 'ஹெலன் அச்சகம்' என்று பதிந்துவைத்திருந்தார்கள். நாய்க்கு 'வேங்கைமார்பன்' என்று வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் 'ஜிம்மி' என்று கூப்பிட்டால்தான் அது வாலை ஆட்டும். சொந்த மகள் பிறந்தபோது 'பொழில்மங்கை' என்ற பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் மனைவி வீட்டார் 'மேனுகா' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

"என்ட பேரிலேயே கோணல் இருக்கு. நான் எப்பிடி நேரான பேர் வைப்பன்?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் உள்ளே ஒரு மூலையில் அது வலிக்கத்தான் செய்தது.

இப்போது மேனுகாவுக்குப் பெண் குழந்தை. மருமகன் வினோஜன் பெரியகல்லாற்றுப் பொடியன், கணித ஆசிரியன். ஊர் வழக்கப்படி மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுக் கோணாமலையும் மங்கையற்கரசியும் அதே வளவின் பின்பக்கத்தில் ஒரு சிறு வீட்டில் இருந்தார்கள். வினோஜன் நல்லவன். ஆனால் வாயைத் திறப்பது அரிது. அப்படிப்பட்டவன் நேற்றுப் பின்வளவுக்கு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டான்.

"மாமா, புள்ளைக்கு யாருக்கும் இல்லாத பேரா வைக்கணும் எண்டு யோசிக்கிறம். கொஞ்சப் பேர் எடுத்து வைச்சிருக்கம். உங்களுக்குப் பிடிச்ச பேர்கள் என்னென்ன எண்டும் சொல்லுங்க."

கோணாமலைக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோசத்தில்.

மனைவி தள்ளிவிட்ட 'மீன்பாடினி'யை அவர் கடைக்குக் கொண்டுபோனார். காத்தான்குடியில் பிள்ளைகளின் உடுப்புத் தைத்து விற்கும் மின்ஹாஜ், பில் புத்தகம் வாங்க வந்திருந்தார்.

"மின்ஹாஜ், மீன்பாடினி எண்டு ஒரு பேர். எப்பிடி இருக்கு?"

மின்ஹாஜ் நல்ல மனிதர். யாருடைய முகத்தையும் வாட வைக்கத் தெரியாதவர்.

"வேற எங்கயும் கேள்விப்படாத பேர் அண்ணன். ஆருக்கு?"

"என்ட பேத்திக்கு."

"மாஷா அல்லாஹ்! முப்பத்தொண்டாம் நாள் பேர் வைக்கிறதுக்கு நான் வாறன். கவுன் ஒண்டு தைச்சு, நெஞ்சில அந்தப் பேரையும் பூ நூலால போட்டுக் கொண்டு வாறன்."

"இன்னும் முடிவாகல்ல மின்ஹாஜ்..."

"பேத்திக்குப் பேர் வைக்கிறது நீங்க. பொறகு என்ன முடிவு?" என்று சொல்லிவிட்டு மின்ஹாஜ் மோட்டார் சைக்கிளை உதைத்தார். 'பேர் வைக்கிறது நீங்க' என்ற சொல்லில் கோணாமலை மயங்கிப்போய் நின்றதால், அவரை மறிக்கத் தோன்றவில்லை.

பின்னேரம் முன்வீட்டுக்குப் போய் வினோஜனிடம் சொன்னார். வினோஜன் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தான்.

"நல்ல பேர் மாமா. வேற ஒண்டும் மனசில இருக்கா?"

வேறு வேண்டுமாம்! கோணாமலை புரிந்துகொண்டார். பொடியன் இந்தக் காலத்து ஆள். கொஞ்சம் நாகரிகமாக எதிர்பார்க்கிறான்.

அடுத்த நாள் கல்யாணக் கார்டு கொடுக்க வெல்லாவெளிக்கு பஸ்ஸில் போனார். யன்னலோரம் கண் சொருகியிருந்த நேரத்தில், பின் இருக்கையில் இரண்டு விவசாயிகள் பேசியது காதில் விழுந்தது.

"சல்வீனியா வந்த பொறகு எங்கட குளத்தப் பாக்கணுமே! இந்தக் கரையில இருந்து அந்தக் கரை மட்டும் பச்சைப்பசேலெண்டு நிறைஞ்சு போய்க் கிடக்கு."

கோணாமலைக்கு விழிப்பு வந்துவிட்டது. யாரோ ஒரு வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அது வந்த நேரம் குளம் நிறைந்திருக்கிறது. என்ன ராசி! என்ன பெயர்! இறங்கும்வரை அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தார்.

இந்த முறை மனைவியிடம் கேட்கும் பிழையைச் செய்யவில்லை. சின்ன வயதிலேயே கனடாவுக்குப் போய்விட்ட மனைவியின் தங்கை சுலோஜனாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். பதில் உடனே வந்தது.

"ஐயோ அத்தான், என்ன ஸ்டைலான பேர்! இஞ்ச உள்ள வெள்ளைக்காரருக்கும் வாயில நுழையும். கேக் என்ட பொறுப்பு. இங்க இருந்தே மட்டக்களப்பில ஓடர் பண்ணிப் பேரோட அனுப்புறன்!"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்வீட்டுக்குப் போனார்.

"சல்வீனியா!"

வினோஜன் இந்தத் தடவை இன்னும் நீளமாக நிலத்தைப் பார்த்தான். அறைக்குள் மேனுகாவுக்கு இருமல் வந்தது. லேசில் நிற்காத இருமல்.

"நல்ல பேர் மாமா" என்றான் வினோஜன். "வேற ஒண்டும் மனசில இருக்கா?"

இந்தப் பேச்சு வாசலில் நின்ற மங்கையற்கரசியின் காதில் விழுந்துவிட்டது. அவள் பிறந்தது வெல்லாவெளியில். கணவரைப் பின்வளவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்கு என்ன விசரா? சல்வீனியா எண்டா குளத்த மூடிக் கிடக்கிற பாசி! எங்கட அண்ணன்மார் தோணியில போய் வாரி வாரி எறிஞ்சும் முடியாமக் கிடக்குதுகள். அதையா பேத்திக்கு வைக்கப் போறீங்க?"

கோணாமலை உட்கார்ந்துவிட்டார். 'குளம் நிறைஞ்சு கிடக்கு.' தண்ணீரால் அல்ல. இத்தனை காலம் இந்த வாவிக்கரையில் இருந்தும் ஒரு பாசியின் பெயர் தெரியாத மனிதன், பெயர் வைக்கப் புறப்பட்டிருக்கிறான். தன்னைத் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம்போல இருந்தது.

சுலோஜனாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"அத்தான், இங்க கோயிலில எல்லாருக்கும் சொல்லிட்டன். ஒருத்தி தன்ட மகளுக்கும் அந்தப் பேர்தான் வைக்கப் போறாவாம்!"

"ஓம்..." என்றார் கோணாமலை. போனை வைத்தார்.

இனி வாயே திறப்பதில்லை என்று முடிவெடுத்து மறுநாள் கடையைத் திறந்தார். உதயரூபன் என்று ஒரு மனிதர் கண்கள் வீங்கிப்போய் வந்தார். தாய் தவறிவிட்டாவாம். மரண அறிவித்தல் அடிக்க வேண்டும். தாயின் பெயர் கேதீஸ்வரி.

கோணாமலை எழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாய் தானாகத் திறந்தது.

"எவ்வளவு அழகான பேர் தம்பி. இந்தக் காலத்தில ஒருத்தரும் வைக்கிறதில்ல. என்ட பேத்திக்கே இதை வைக்கலாம்போல கிடக்கு."

உதயரூபன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு விம்மினார்.

"ஐயா... எங்கட அம்மா சாகல்ல ஐயா. உங்கட வீட்டில பிறந்திருக்கா. எண்டைக்குப் பேர் வைக்கிறீங்க? நாங்க குடும்பத்தோட வாறம்."

அழுகிற மனிதனிடம் 'நான் சும்மா சொன்னேன்' என்று எப்படிச் சொல்வது? கோணாமலை நாளைச் சொன்னார். நேரத்தையும் சொன்னார். வழியையும் அவரே விளக்கினார்.

"கேதீஸ்வரி" என்று மருமகனிடம் சொன்னபோது அவருடைய குரல் இறங்கிப்போயிருந்தது.

"நல்ல பேர் மாமா" என்றான் வினோஜன். இந்தத் தடவை 'வேற' என்று கேட்கவில்லை. "போதும் மாமா. பெரிய உதவி" என்று சொல்லி, சிரித்தும் வைத்தான்.

கோணாமலைக்கு மனம் குளிர்ந்தது. மூன்றில் ஒன்று நிச்சயம் எடுபட்டுவிட்டது. எது என்பதுதான் தெரியவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் வீடு நிறையச் சனம். முதலில் வந்தது கேக். இளஞ்சிவப்புக் கிறீமில் பெரிய எழுத்தில் 'சல்வீனியா'. வெல்லாவெளியிலிருந்து வந்திருந்த மைத்துனன் எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், கேக்கில பாசி பிடிச்சிருக்கு?"

கோணாமலை கேக்கைக் குசினிக்குள் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரு கரண்டியால் எழுத்தை வழிக்கப் பார்த்தார். பாதி வழித்ததும் மங்கையற்கரசி வந்துவிட்டாள். 'சல்' மட்டும் மிஞ்சியது.

வெளியே வந்தால் மின்ஹாஜ். கையில் கவுன். நெஞ்சில் நீல நூலால் 'மீன்பாடினி', பக்கத்தில் ஒரு சிறிய மீன் வேறு.

"மீனுக்கு நான் காசு ஒண்டும் எடுக்கல்ல அண்ணன், அது என்ட அன்பளிப்பு."

கவுனை வாங்கிக் கக்கத்துக்குள் செருகினார். செருகிய அதே நேரம் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. உதயரூபனும் குடும்பமும் வெள்ளை உடுப்பில் இறங்கினார்கள். அவர்கள் கையில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. அடியில் 'கேதீஸ்வரி' என்று வெட்டியிருந்தது. கோணாமலை பூத்தட்டிலிருந்து ஒரு மாலையை எடுத்து அந்த எழுத்தின் மேல் சுற்றினார்.

"என்ன அண்ணன், விளக்குக்கு மாலை? அடியில ஏதோ பேர் வெட்டியிருக்கே?" என்று மின்ஹாஜ் கேட்டார்.

"அது... வீட்டுப் பேர் மின்ஹாஜ். பதியிற பேர் நீங்க தைச்சதுதான்."

"பதியிற பேர் எங்கட அம்மாட பேர் எண்டெல்லோ சொன்னீங்க ஐயா?" என்று உதயரூபன் பின்னால் நின்று கேட்டார்.

"அது... அதுவும் பதியிறதுதான்."

வாட்ஸ்அப் வீடியோவில் இருந்த சுலோஜனா, "அப்ப சல்வீனியா?" என்று கத்தினாள்.

நல்லவேளை, வினோஜன் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டான். எல்லோரும் அமைதியானார்கள். அவன் குழந்தையின் காதுக்குள் மூன்று முறை சொன்னான். பிறகு நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

"இளவேனில்."

மின்ஹாஜ், உதயரூபன், போனுக்குள் சுலோஜனா, மூவரும் ஒன்றாகக் கோணாமலையைப் பார்த்தார்கள். அவர் தோளிலிருந்த சால்வையால் முகத்தைத் துடைத்தார். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்" என்றார். "ஒரு பேராவது நான் சொன்னதா இருக்கட்டும் எண்டு ஆசைப்பட்டன். கேட்ட ஆளுக்கெல்லாம் ஒவ்வொரு பேர் சொல்லிட்டன். புள்ளை ஒண்டு, வாக்கு மூண்டு. பிழை என்ட வாயில."

பிறகு உதயரூபன்தான் முதலில் சிரித்தார். தாய் போன பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான் என்று அவர் மனைவி பிறகு சொன்னாள். "விளக்கு இந்த வீட்டிலேயே எரியட்டும் ஐயா" என்றார். மின்ஹாஜ் கவுனை வாங்கி, "எழுத்தைப் பிரிச்சிட்டு மீனை விடுறன் அண்ணன்" என்றார். சுலோஜனாவிடம் பாசி விசயத்தை மங்கையற்கரசி சொன்னாள். கனடாவிலிருந்து வந்த கூச்சல் வளவு முழுக்கக் கேட்டது. கேக்கை எல்லோரும் சாப்பிட்டார்கள்.

கோணாமலை பேத்தியை மடியில் வாங்கினார். "இளவேனில்" என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தார். குழந்தை அவரைப் பார்த்தது. நல்ல பெயர்தான். தனக்குத் தோன்றவில்லையே என்று மட்டும் இருந்தது.

சாப்பாடு முடிந்து சனம் கலையும்போது, வினோஜனுடைய பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஜெயந்தன் என்ற இளைஞன் மரியாதையாகக் கிட்ட வந்தான்.

"மாமா, எனக்கும் போன கிழமை மகள் பிறந்திருக்கு. உங்களுக்குப் பிடிச்ச பேர்கள் கொஞ்சம் சொல்லுவீங்களா?"

கோணாமலை தோளில் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"தம்பி, இண்டைக்கு நடந்த கூத்தைப் பாத்த பொறகுமா என்னட்டக் கேக்கிறீங்க?"

"ஓம் மாமா. எங்கட வீட்டிலயும் ஆளுக்கொரு பேர் சொல்லி ஒரே குழப்பம்" என்றான் ஜெயந்தன், கள்ளமே இல்லாமல். "மாமாக்குப் பிடிச்ச பேர்களக் கேட்டு, உன்னட்ட உள்ளதில அந்த மாதிரிப் பேரையெல்லாம் ஒவ்வொண்டா வெட்டு, மிஞ்சிறதக் கண்ண மூடிக்கொண்டு வைக்கலாம் எண்டு வினோஜன்தான் சொன்னவன்; தானும் அப்பிடித்தான் கண்டுபிடிச்சவனாம்."