வருவான் என்று ஒரு கையெழுத்து

"ஜாமீன் கையெழுத்துப் போடப் போறது நீங்களா?" என்று கேட்டுவிட்டு ஜாமீன் கடைக்கார டெல்ஃபினோ சிரித்தான். சிரிப்பை அடக்கக் காபியை எடுத்துக் குடித்துப் பார்த்தான். புரைக்கேறியதுதான் மிச்சம்.

எசேபியோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை காலை பத்தரை மணி. மாலை நான்கு மணிக்கு அவருடைய ஒரே மகள் அராசெலிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லியான்ட்ரோ எதிர்சாரியில், மாவட்டச் சிறைக்குள் இருந்தான்.

விடிந்ததும் விருந்துக்கு ஐஸ் மூட்டை வாங்கப் போனவனை, பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியது. கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிப் பார்த்தால் வாரன்ட் இருக்கிறது. ஏதோ பழைய போக்குவரத்து வழக்கில், சொன்ன நாளில் கோர்ட்டுக்கு வரவில்லையாம். அப்படியே உள்ளே கொண்டுபோய் விட்டார்கள். அவனுடைய சொந்தக்காரர்கள் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள்.

அராசெலி அழவில்லை. தலையெல்லாம் சுருட்டைக் குழல்களோடு வாசலில் வந்து நின்றாள். "இப்ப உங்களுக்குத் திருப்திதானேப்பா?" என்றாள். "நாலு மணிக்கு அவர் சர்ச்சுக்கு வரலேன்னா, நீங்க மனசு வச்சு அலையலைன்னுதான் நான் நெனைப்பேன். சாகுற வரைக்கும் அப்படித்தான் நெனைப்பேன்."

அவருக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. ஏனென்றால் செய்தி கேட்ட நிமிஷத்தில், நெஞ்சின் ஒரு மூலையில் 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு குரல் குஷியாகப் பேசியது உண்மை.

"எப்படின்னு சொல்லுப்பா. என்ன பண்ணணும்?" என்று டெல்ஃபினோவிடம் கேட்டார்.

"ஜட்ஜ் அஞ்சாயிரம் டாலர்னு சொல்லியிருக்கார். முழுசா நீங்களே கட்டினா, கேஸ் முடிஞ்சதும் திரும்பி வந்துரும்."

"கல்யாணச் செலவு போக எங்கிட்ட அறுநூறு இருக்கு."

"அதுக்குத்தானே நாங்க இந்தத் தெருவுல வரிசையா கடை போட்டிருக்கோம். பத்துல ஒரு பங்கு, ஐநூறு எங்களுக்கு. அது திரும்பி வராது, அது எங்க கூலி. மிச்சத்துக்கு நாங்க கோர்ட்டுக்குப் பொறுப்பு. பையன் சொன்ன தேதிக்கு வரணும். வரலேன்னா கோர்ட் என் கழுத்தைப் பிடிக்கும், நான் உங்க கழுத்தைப் பிடிப்பேன். இதுல விக்கிறது ஒண்ணே ஒண்ணுதான் அண்ணே. அவன் வருவான்கிற நம்பிக்கை."

"சரி, எழுது."

"எப்படி எழுதுறது? பதினஞ்சு வருஷமா உங்ககிட்டதான் முடி வெட்டிக்கிறேன். போன மாசம் என்ன சொன்னீங்க? 'அவனை நம்பி ஒரு நாய்க்குட்டியைக் கூட விட்டுட்டுப் போக முடியாது'ன்னீங்க."

"முடி வெட்டுறப்ப ஆயிரம் பேசுவோம். அதையெல்லாம் யாராவது நம்புவாங்களா?"

"நான் நம்பினேனே. கத்தி என் தொண்டையில இருந்துச்சு. அப்ப நம்பாம என்ன பண்றது?"

டெல்ஃபினோ கதவு வரை வந்து வழியனுப்பினான். அந்த மரியாதையில் மட்டும் குறைவில்லை.

எசேபியோவின் சலூனில் ஒரே ஒரு நாற்காலி. இரண்டு வருஷமாக அதில் வந்து உட்கார்ந்த தலை ஒவ்வொன்றுக்கும் வருங்கால மாப்பிள்ளையின் அருமை பெருமைகள் இலவசமாகக் கிடைத்தன. ஊரில் வழுக்கைத் தலையர்களுக்கு மட்டும்தான் விஷயம் தெரியாது. அவர்களிலும் பாதிப் பேர் மீசை ஒதுக்க வருகிறவர்கள்.

அடுத்த ஜாமீன் கடையில் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதனாலேயே அங்கே நுழைந்தார். குளிர்சாதனம், தோல் சோபா, 'முன்பணம் வேண்டாம்' என்று மின்னும் பலகை. டை கட்டிய இளைஞன் ஒருவன் கைகுலுக்கினான்.

"சிம்பிள்தான் சார். பையனைத் தெரிஞ்ச மூணு பேரோட நம்பர் குடுங்க. நாங்க பேசிப் பார்ப்போம்."

எசேபியோ யோசித்து, தன் உயிர் நண்பர் ருபேனின் எண்ணை முதலில் கொடுத்தார். இளைஞன் போனை ஸ்பீக்கரில் போட்டான். லியான்ட்ரோ எப்படிப்பட்ட பையன் என்று கேட்டான்.

"லியான்ட்ரோவா? எதுக்கு ஜாமீனா?" ருபேனின் குரலில் உற்சாகம் பொங்கியது. "குடுத்துராதீங்க தம்பி. அவன் நேரத்துக்கு வந்து நான் பார்த்ததே இல்ல. எங்க எசேபியோ இந்தக் கல்யாணத்தை எப்படிடா நிறுத்துறதுன்னு ரெண்டு வருஷமா மண்டையை உடைச்சுக்கிறான். கடவுளே பார்த்து வழி காட்டியிருக்கார். திங்கக்கிழமை வரைக்கும் உள்ளேயே வச்சிருங்க, புண்ணியமாப் போகும்."

"டேய், நான் இங்கதான்டா உக்காந்திருக்கேன்," என்றார் எசேபியோ.

"உனக்காகத்தான்டா பேசிட்டிருக்கேன். நன்றியெல்லாம் அப்புறம் சொல்லு."

மற்ற இருவரில் ஒருவர், 'அந்தப் பையனை நான் பார்த்ததில்லை, ஆனால் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன்' என்றார். இன்னொருவர் பாதிரியார். அவர், 'அவனுக்காக ஜெபிக்கிறேன்' என்று மட்டும் சொன்னார். அது ருபேன் சொன்னதைவிட மோசமாகப் போய்விட்டது.

இளைஞன் சிரித்த முகம் மாறாமல் பத்து சதவீதத்தைப் பதினைந்தாக்கினான். பையன் வாராவாரம் வந்து கையெழுத்துப் போடக் கட்டணம், எங்கே இருக்கிறான் என்று காட்ட அவன் காலில் மாட்டும் கருவிக்கு வாடகை. அதற்கும் மேலே ஈடாகச் சலூன் பத்திரம் வேண்டுமாம். முன்பணம் வேண்டாம் என்ற பலகையின் அடியில் எறும்பளவு எழுத்தில் நான்கு வரி இருந்தது. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பார்க்கலாமா என்று எசேபியோ கேட்டார். அதற்கு வழக்கமில்லை என்றான். படிக்கவே விடாதவனிடம் கையெழுத்துப் போடுகிற அளவுக்குத் தன் நிலைமை இன்னும் கெடவில்லை என்று எழுந்து வந்தார்.

மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. வெயிலில் நின்றிருந்த லியான்ட்ரோவின் வண்டியை அப்போதுதான் பார்த்தார். போலீஸ் அதைச் சிறை வாசலில் இழுத்து வந்து விட்டிருந்தது. பின்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இருபது மூட்டை ஐஸ் உருகிப்போயிருந்தது.

மூன்றாவது கடை, டயர் கடைக்கும் துணி வெளுக்கும் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. மின்விளக்கும் சோபாவும் இல்லை. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய லைசென்ஸ் இருந்தது, மேசைக்குப் பின்னால் சுலேமா என்ற ஐம்பது வயதுக்காரி இருந்தாள். அவள் பெண்ணாக இருந்ததால் அவருடைய நாற்காலியில் உட்கார நேர்ந்ததில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே அவளை அவருக்குப் பிடித்துப்போனது.

அவள் முழுத் தாளையும் வரிவரியாக வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். பத்து சதவீதம். வேறு செலவில்லை. எல்லாவற்றுக்கும் ரசீது.

"எனக்கு யார் நம்பரும் வேண்டாம்," என்றாள். "கையெழுத்துப் போடுற ஆள் முகத்தைப் பார்த்தாப் போதும். ஒரே கேள்வி. அந்தத் தேதியில பையன் வருவானா?"

வருவான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் இரண்டு வருஷப் பழக்கம். நாக்கு தன்பாட்டுக்குப் புறப்பட்டுவிட்டது.

"அவன் எங்க இருக்கணுமோ அங்க இருக்க மாட்டாம்மா. எங்க இருக்கக் கூடாதோ அங்க இருப்பான். எனக்கு நெஞ்சுல ஆபரேஷன் நடந்துச்சு. பொண்ணு டல்லாஸ்ல பரீட்சைக்குப் போயிருந்தா. அவளுக்குத் தெரியவே கூடாதுன்னு, யாருகிட்டயும் சொல்லாம வாடகைக் கார் புடிச்சுப் போய்ப் படுத்தேன். எப்படித்தான் மோப்பம் புடிச்சானோ, கண்ணைத் தொறந்தா இவன் நாற்காலியில உக்காந்து சிப்ஸ் தின்னுட்டிருக்கான். வேலை வெட்டி இல்லையாடான்னேன். இல்லைங்கிறான். சாயங்காலம் வரைக்கும் நகரலையே."

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"நான் ஏன் கூப்பிடுறேன்? போடான்னு கூடச் சொன்னேன்."

சுலேமா தாளை அவர் பக்கம் திருப்பி, கையெழுத்து வரியின்மேல் விரலை வைத்தாள். 'இவர் குறிப்பிட்ட நாளில் நீதிமன்றத்துக்கு வருவார் என்று நான் பொறுப்பேற்கிறேன்' என்று அச்சடித்திருந்தது.

எசேபியோ பேனாவை எடுத்தார். முப்பது வருஷமாக அடுத்தவன் தொண்டையில் தயங்காமல் கத்தி வைத்த கை, அந்த வரிக்கு மேலே நின்றுவிட்டது. தெரியாத ஒருவன்மேல் நம்பிக்கை வைக்கிறோமே என்பதில்லை. தெரியும் தெரியும் என்று ஊரெல்லாம் சொன்ன ஒருவனைப் பற்றித் தனக்கு என்னதான் தெரியும் என்று அவருக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. வெட்கமாகக்கூட இருந்தது. அராசெலியை நினைத்துக்கொண்டு போட்டார்.

சிறையின் ஜன்னலுக்குப் போனபோது மூன்றாகப் பத்து நிமிஷம். உள்ளே ஒரு குண்டு அம்மாள் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே தாள்களை முத்திரை குத்தினாள். லியான்ட்ரோவின் பொருள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இந்தப் பக்கம் தள்ளினாள். பெல்ட், பர்ஸ், ஐஸ் வாங்கிய ரசீது, சின்னப் பெட்டியில் இரண்டு மோதிரம்.

"நீங்க அவனுக்கு என்ன வேணும்?"

மாமனார் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஜாமீன் போட்டவன்," என்றார். "நாலு மணிக்குள்ள விட்டுருவீங்களா?"

"இதோ உடை மாத்திட்டிருக்கான். பத்து நிமிஷம்." அவள் விதைத் தோலைத் துப்பினாள். "நல்ல பையன். காலையில நான்தான் பேர் பதிஞ்சேன். மார்ச் மாசம் கோர்ட்டுக்கு ஏன்டா வரலேன்னு கேட்டேன். அதே நாள் மாமனாருக்கு நெஞ்சுல ஆபரேஷனாம். அவர் கண்ணு முழிக்கிறப்ப பக்கத்துல ஒருத்தரும் இல்லேன்னா நல்லா இருக்காதேன்னு அங்க போயிட்டானாம். கல்யாணமே இன்னிக்குத்தான்கிறான், அதுக்குள்ள மாமனாராம்."

எசேபியோ தொப்பியைக் கழற்றினார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

அந்த அம்மாள் கடைசி முத்திரையைக் குத்திவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டாள்:

"உங்களுக்குத் தெரியுமா சார், அந்த மனுஷன் பொழைச்சாரா?"