தலைவரின் செருப்பு என் கையில் இருந்தபோது

அன்பும் மதிப்பும் நிறைந்த அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் ரவ்நீத் வணங்கி எழுதுவது. வாகேகுரு கருணையால் அப்பா, அம்மா, எருமை, கோதுமை எல்லாம் நலம். நான் நலமில்லை. உடனே வந்து என்னை லூதியானாவுக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றது ஏன் என்று உங்களுக்குத் தெரியும், பெயர் கூப்பிட்டால் என் 'உள்ளேன்' எனக்கே கேட்காது, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே ஆப்சென்ட் போடுவார்கள். அதனால்தான் குருத்வாராவிலும் வாசலில் செருப்பு வாங்கி வைக்கும் சேவையைக் கேட்டு வாங்கினேன், அங்கே யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. முற்றத்தில் பையன்கள் கம்பு சுழற்றிக் கட்கா பழகுவது அங்கிருந்து தெரியும். எனக்கும் ஆசை, அதை நான் துடைக்கிற செருப்பிடம்தான் சொல்லி வந்தேன்.

இன்று பிரார்த்தனை முடிந்ததும் பால்காரர் மனைவி சிம்ரத் அக்கா எழுந்து, "தலைவரய்யா, பொண்ணுங்களுக்கும் கட்கா சொல்லிக் குடுங்க" என்றாள். கமிட்டித் தலைவர் பக்தாவர் சிங் மைக்கிலேயே சிரித்தார்.

"கம்பு எடுக்கறதுக்கு மொதல்ல நெஞ்சுல மூச்சு வேணும்மா. இவளுங்க கோஷம் போட்டா வாசல் வரைக்கும் கேக்குமா?"

பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். நான் அவருடைய செருப்பைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன் அத்தை, "போலே சோ நிஹால்" என்று வாசலில் யாரோ கத்தினார்கள், அது நான்தான், அந்தக் கோஷத்துக்குப் பதில் சொல்லாமல் நம்மில் யாரால் இருக்க முடியும், கூடமே "சத் ஸ்ரீ அகால்" என்று அதிர்ந்தது, மைக்கில் பதில் சொன்ன தலைவர் குரல்தான் பெரிதாகக் கேட்டது. பார்த்தால் நான் செருப்பும் கையுமாகக் கூடத்துப் படிவரை வந்து நிற்கிறேன், இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் பெரும் பாவம்.

"அட, இதுக்கு வாய் இருக்கா?" என்றார் பல்பீர் சித்தி.

"அம்மாடி, மொதல்ல என் செருப்பைக் கீழ வை. அப்பறம் பேசிக்கலாம்" என்றார் தலைவர்.

என்ன பேசுவாரோ என்று பயந்து வீட்டுக்கே ஓடி வந்துவிட்டேன், செருப்போடு. அவர் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனாராம். இனி இந்த ஊரில் எப்படி நடமாடுவேன்?

மாமாவுக்கு வணக்கம். உங்கள் அடுப்பைக் குரு என்றும் அணையாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
ரவ்நீத் கௌர்

பி.கு.: வர வேண்டாம். தலைவர் இப்போதுதான் தன் செருப்பைத் திரும்ப வாங்க வந்தார், கூடவே தன் பேத்தியும். நாளை முதல் பெண்களுக்கும் கட்காவாம். "இத்தனை நாளா செருப்பு வாங்கி வைக்கிறே, உன் பேரு என்னம்மா?" என்றார். சொன்னேன். அவர் இன்னொரு தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை.