கோழி தின்ற புள்ளிகள்

அரியலூர்
13-6-1946

குன்னம் மைத்துனர் பாவாடை அவர்களுக்கு இராமலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே ஆடுமாடுகள் சௌக்கியம். மனிதர்களின் சௌக்கியத்தைத் தாங்கள் விசாரித்து வழக்கமில்லை, ஆகையால் எழுதவில்லை.

சென்ற வருஷம் காதுகுத்து விருந்தில் என்னை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, "கண்ணில்லாத புள்ளைக்கு எழுத்து எதுக்கு மாப்ள? எங்க வூட்டுத் திருகையில மாவு அரைக்க உக்கார வையுங்க" என்று சபையில் சொன்னீர்களே, அதை நான் மறக்கவில்லை, ரசத்தில் உப்பில்லாததையும் மறக்கவில்லை. அம்மையில் பார்வை போன என் மகள் ராசாத்தி விரலால் தடவிப் படிக்கட்டுமென்று களிமண்ணில் எழுத்துகள் செய்தேன். தங்கள் தங்கை அவற்றைக் கரைத்து அடுப்பு மெழுகினாள். பிறகு பலகையில் புளியங்கொட்டைப் பசை தடவி, சணலை எழுத்தெழுத்தாக வளைத்து ஒட்டி, மெய்யெழுத்துப் புள்ளிக்கு ஒவ்வொரு கம்பு மணி பதித்தேன். நாலே மாதத்தில் பிள்ளை எல்லா எழுத்தும் கற்றாள். முந்தாநாள் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். தலைமையாசிரியை பஞ்சவர்ணம் அம்மாள் பலகையில் ஒரு சொல்லின்மேல் அவள் விரலை வைத்துப் படிக்கச் சொன்னார். நான் ஒட்டியிருந்தது 'பாட்டி'. அன்று காலை பலகையை வெயிலில் வைத்தபோது பக்கத்து வீட்டுக் கோழி புள்ளிகளையெல்லாம் கொத்தித் தின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. ராசாத்தி நிதானமாகத் தடவிவிட்டு, உரக்க, "பாடடி" என்றாள். வகுப்பே சிரித்தது.

"யாரப் பாத்து டி போடுற?"

"நான் யாரையும் பாக்கலீங்க, டீச்சர்."

கோழி விஷயத்தை விளக்கினேன். "மொதல்ல கோழிக்குப் பாடஞ் சொல்லிக் குடுங்க சார். எழுத்தே தெரியாத புள்ளைய நான் எதுல சேக்குறது?" என்று அனுப்பிவிட்டார்.

தோற்றுவிட்டேன். பலகையை விறகோடு போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வண்டி கட்டி வந்து தங்கள் மருமகளைத் திருகைக்கு அழைத்துப் போங்கள். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசி. தங்களுக்கு எதைச் சொல்வதென்று தெரியவில்லை.

இப்படிக்கு,
இராமலிங்கம்

பி.கு.: இதைத் தங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டும்போது ராசாத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் தப்பாப் படிக்கலியேப்பா. அங்க இருந்ததத்தானே படிச்சேன்" என்றாள். இண்டர்மீடியட் வரை படித்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மனப்பாடம் பண்ணியவளாயிருந்தால் 'பாட்டி' என்றே ஒப்பித்திருப்பாள். பலகையை விறகிலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டேன். திங்கட்கிழமை மறுபடி பள்ளிக்கூடம் போகிறோம். தாங்கள் வண்டி கட்ட வேண்டாம்.