தேய மறுத்த லேப்டாப்

கணக்காளரின் அலுவலக லேப்டாப் பழுதாகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. நான்கு வருடமாக உழைக்கிறது. இன்னமும் பட்டனைத் தொட்டதும் சமர்த்தாக விழித்துக்கொள்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஒன்று அமைந்திருந்தால் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். அவருக்கோ வயிற்றெரிச்சலாக இருந்தது.

காரணம் மகள். கட்டடக்கலை படிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வகுப்பு தொடங்குவதற்குள் லேப்டாப் வாங்கித் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். காத்திருந்தால் விலை இறங்கும் என்று நம்பி, போகும்போதும் வரும்போதும் கடைக் கண்ணாடி வழியாகவே பார்த்துவந்தார். விலை ஏறிக்கொண்டே போனது. சரி, இதையே வாங்கி, வாசற்படி தாண்டிவிட்டு உடனே திரும்பி வந்து விற்றால் என்ன தருவீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்டார். கால்வாசி போய்விடும் என்றார் அவர். ஒரு படி தாண்டுவதில் அப்படி என்னதான் தேய்கிறது? வெளியே வந்தவர் அந்தப் படியைக் குனிந்துகூடப் பார்த்தார். சாதாரணப் படிதான்.

ஆகவே அவர் நம்பியது அலுவலகத்தைத்தான். குழாயும் வால்வும் விற்கிற அந்தக் கம்பெனியில், லேப்டாப்களின் மதிப்பைக் கணக்கில் வருடாவருடம் குறைத்துக்கொண்டே வருவார்கள். வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்குக்கு வந்ததும், மேனேஜர் சரி என்றால், முதலில் கேட்கும் ஊழியருக்கு அந்த விலைக்கே கொடுத்துவிடுவார்கள். இந்தத் தேய்மானக் கணக்கை எழுதுபவர் நம் கணக்காளர்தான். கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் அதை விளக்குவார். அதே கம்பெனியில் சம்பளம் வாங்கி, அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கும் சர்வீஸ்காரருக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். அந்த மனிதரும் ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு சிரத்தையாகக் கேட்பார்.

கணக்காளரின் லேப்டாப் அந்தப் பத்தில் ஒரு பங்கைத் தொட்டதும், நேராக மேனேஜரிடம் போனார்.

"நல்லாத்தானே ஓடுது? ஓடற வரைக்கும் ஓடட்டும்," என்றார் மேனேஜர்.

அன்று மதியமே லேப்டாப் ஆமை வேகத்தில் வேலை செய்வதாகப் புகார் எழுதினார் கணக்காளர். சர்வீஸ்காரர் வந்தார், திறந்தார், தலையை ஆட்டினார். தூசி தட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ மெமரியை இரண்டு மடங்காக்கிவிட்டுப் போனார்.

பாகம் வாங்கிய பில் கணக்காளரின் மேஜைக்கே வந்தது. அதற்கும் ஒரு விதி உண்டு. பழைய பாகத்துக்குப் பதில் அதே போன்ற பாகம் போட்டால் அது பராமரிப்புச் செலவு. அதைவிட உயர்ந்த பாகம் போட்டால், அந்த விலையை லேப்டாப்பின் மதிப்போடு கூட்ட வேண்டும். கணக்கில் கைவைக்க அவருக்கு மனம் வராது. பொய்ப் புகார் எழுத மட்டும் எப்படி வந்தது என்பது அவருக்கே ஆச்சரியம்தான். பெருமூச்சு விட்டுக் கூட்டி எழுதினார்.

அடுத்து, பேட்டரி நிற்பதில்லை என்றார். முன்பிருந்ததைவிடப் பெரிய பேட்டரி வந்தது. மதிப்பு ஏறியது. திரையில் கோடு விழுகிறது என்றார்.

"எங்க சார் கோடு?"

"இப்பப் போயிடுச்சு. திடீர் திடீர்னு வரும்."

சர்வீஸ்காரர் ஏனோ மறுத்துப் பேசவே இல்லை. கடைத்தெருவிலேயே உயர்ந்த ரகத் திரையைக் கொண்டுவந்து மாட்டி, தன் கைக்குட்டையாலேயே துடைத்தார். பழையதையே சரி செய்தால் போதாதா என்று கணக்காளர் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"நீங்க சும்மா இருங்க சார். செய்யறதைத் திருந்தச் செய்யணும்."

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, துணி மடிப்பதை நிறுத்தினாள். "ஊர்ல எல்லார் லேப்டாப்பும் வயசாக வயசாக விலை குறையுது. உங்களுது மட்டும் ஏங்க வளருது?"

அதுதான் அவருக்கும் புரியவில்லை. கேட்டதற்கெல்லாம் கேட்டதற்கு மேலேயே போடுகிறாரே, இந்த மனிதருக்கு அப்படி என்ன அக்கறை? மகள் எதுவும் கேட்கவில்லை. வகுப்புக்குத் தோழியின் லேப்டாப்பைக் கொஞ்ச நாள் பகிர்ந்துகொள்ளலாம் என்று மட்டும் சொன்னாள். அது அவருக்கு அழுகையையே வரவழைத்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது போதும் என்று வாயை மூடிக்கொண்டார். புகார் நின்றது. மதிப்பு மறுபடி தேயட்டும் என்று காத்திருந்தார். ஒருநாள் சர்வீஸ்காரர் தானாகவே வந்து நின்றார். கொஞ்ச நாளாகப் புகாரே இல்லையே, உடம்புக்கு ஏதாவதோ என்று விசாரித்தார். கணக்காளரின் உடம்பை அல்ல, லேப்டாப்பின் உடம்பை. அவர் தடுப்பதற்குள் ஹார்ட் டிஸ்க்கையும் பெரியதாக மாற்றிவிட்டார்.

வருட முடிவில் மேனேஜர் பட்டியலைப் பார்த்தார். எல்லா லேப்டாப்பும் இறங்கியிருக்க, ஒன்று மட்டும் ஏறி உச்சியில் நின்றது.

"கம்பெனியிலேயே உசத்தியான லேப்டாப் உங்க மேஜைலயா இருக்கு? அதை என் ரூமுக்கு அனுப்பிடுங்க. என்னோடதை நீங்க வச்சுக்குங்க."

மேனேஜருடையது போன வருடம்தான் வாங்கியது. அது தேய்ந்து முடிவதற்குள் மகள் படிப்பில் முக்கால்வாசியை முடித்துவிடுவாள்.

எடுத்துப்போக சர்வீஸ்காரர் வந்தார். வயரைக் கழற்றினார். லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. பறிகொடுத்தவன் நான், இவர் ஏன் அழுகிறார் என்று கணக்காளர் திகைத்தார். தோளைத் தொட்டு, என்ன விஷயம் என்று கேட்டார்.

சர்வீஸ்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "விலை தேஞ்சதும் முதல் ஆளாக் கேட்டு நானே எடுத்துக்கலாம்னுதான் சார், இத்தனை நாளா நல்ல நல்ல பார்ட்டாப் பாத்துப் பாத்து மாட்டினேன்."