கேச்சு அனுப்பிய மாப்பிள்ளைப் படம்

ஜவ்வாது மலையில் கம்ப்யூட்டரைத் தொட்டுவிட்டு கேச்சுவிடம் திட்டு வாங்காமல் கீழே இறங்கிய மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வாங்கினேன். வணக்கம் சொல்வதற்கு முன்பே வாங்கினேன்.

அவருடைய நிஜப் பெயர், மலை மேலே எங்கள் ஆபீஸ் இருக்கும் ஜமுனாமரத்தூரில் யாருக்கும் தெரியாது. நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். நாற்பதைத் தாண்டிய வயது. முகத்தில் பாதியை மீசை எடுத்துக்கொண்டிருக்கும். ரேஷன் கடையின் கைரேகை மெஷின், பள்ளிக்கூடத்து பிரிண்டர், சாமையும் தேனும் புளியும் விற்கிற எங்கள் விவசாயிகள் கம்பெனியின் கம்ப்யூட்டர் என்று மலையில் கரண்டில் ஓடுகிற அத்தனைக்கும் அவர்தான் வைத்தியர். எது படுத்தாலும் அவர் சொல்லும் மருந்து ஒன்றுதான்.

"மொதல்ல கேச்ச கிளியர் பண்ணு."

நாம் பார்க்கிற பக்கங்களையும் படங்களையும் பிரவுசர் ஓர் ஓரமாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அந்தச் சேமிப்புக்குத்தான் கேச் என்று பெயர். அதைத் துடைத்தால் பாதி வியாதி போய்விடும் என்பது உண்மைதான். மீதிப் பாதி வியாதிக்கும் அவர் அதையே துடைத்தார் என்பதுதான் தொல்லை. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் துடைத்தார். எலி ஒயரைக் கடித்திருந்தபோது, கடித்த இடத்தை நான் விரலால் காட்டிக்கொண்டிருக்கும்போதே துடைத்தார்.

கம்ப்யூட்டரோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை. ஒருநாள் டீ கசந்தது என்று, கிளாஸில் பழைய டீ தங்கியிருக்கிறது, கிளியர் பண்ணு என்று மாஸ்டருடன் மல்லுக்கு நின்றார். இன்னொரு நாள், புருஷனிடம் கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் எதிரே போய் நின்று, பழசையெல்லாம் சேர்த்து வைத்திருப்பதுதான் கோளாறு என்று பஸ் வரும்வரை விளக்கினார். பஸ் வந்தது. அவள் அதில் ஏறாமல் மூட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே திரும்பிவிட்டாள். மனம் மாறித் திரும்பினாளா, அதே பஸ்ஸில் இவரும் ஏறுவார் என்று பயந்து திரும்பினாளா என்பது இன்றுவரை தெரியவில்லை.

இன்னொரு குணமும் அவருக்கு உண்டு. வேறு வழியில் வேலையை முடித்துக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் பொல்லாத கோபம் வந்துவிடும். நோய் இன்னதென்று தெரியாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். இந்தக் குணத்தால்தான் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

சந்தவாசலில் இருக்கும் என் அம்மா, ஆரணியில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தாள். பெயர் கோமதி. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணுக்கு அப்பா இல்லை, எல்லாம் சித்தப்பாதான். ஏதோ ஓர் ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். வாட்ஸப்பில் வருவது எதையும் அவர் நம்புவதில்லை. மாப்பிள்ளையின் படங்களை முறைப்படி ஈமெயிலில் அனுப்பட்டும், பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லிவிட்டார்.

பெங்களூரில் இருக்கும் என் அக்கா, உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்த படங்களை இணையத்தில் ஓர் ஆல்பமாகப் போட்டு வைத்திருந்தாள். அதில் பட்டு வேட்டியில் நான் ஓரளவு பார்க்கும்படியாக மூன்று படங்கள் இருந்தன. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த ஆல்பத்தைத் திறந்து, படங்களை மவுஸால் இழுத்து காப்பி செய்து, மெயிலில் கொண்டுபோய் ஒட்டினேன். அம்சமாக வந்து உட்கார்ந்தன. கீழே 'தங்கள் அன்புள்ள' என்று போட்டுப் பெயரெழுதி அனுப்பினேன்.

சித்தப்பாவிடமிருந்து பதில் வந்தது. தாங்கள் அனுப்பிய மூன்று காலிக் கட்டங்கள் கிடைக்கப்பெற்றோம், படம் எதுவும் காணப்படவில்லை என்று எழுதியிருந்தார்.

அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தேன். மூன்று படத்திலும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மறுபடி அனுப்பினேன். மறுபடியும் கட்டங்கள் கிடைக்கப்பெற்றார். மூன்றாவது தடவையும் அதே கதை ஆனபோது அவர் அம்மாவுக்கே போன் போட்டு, பையனுக்கு முகத்தில் ஏதாவது குறையா, காட்டத் தயங்குகிறாரா என்று கேட்டுவிட்டார். அம்மா எனக்குப் போன் செய்து அழுதாள்.

கேச்சுவைக் கூப்பிட்டேன். என் மெயிலில் எனக்குத் தெரிகிற படம் அங்கே சித்தப்பாவுக்குத் தெரியவில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை மவுஸுக்குப் போய்விட்டது. துடைத்தார். சேர்த்து வைத்த படங்கள், பாஸ்வேர்டுகள், அக்காவின் ஆல்பத்துக்குள் நான் நுழைந்திருந்த லாகின் என்று ஒன்று பாக்கியில்லை. மறுபடி மெயிலுக்குள் போய்ப் பார்த்தால், மூன்று காலிக் கட்டங்கள். இப்போது எனக்கே நான் இல்லை.

"இன்னாண்ணா, இருந்ததும் போச்சே" என்றேன்.

"போவட்டும் தம்பி. இப்ப அவுங்க பாக்கறததான் நீயும் பாக்குற. நோவு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

எங்கள் மேனேஜர் மேடம் எட்டிப் பார்த்து, போனில் ஒரு படம் எடுத்து மெயிலோடு அட்டாச் பண்ணி அனுப்பிவிட்டுப் போகவேண்டியதுதானே என்றார். உலகத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். கேச்சு, நோய் தெரியாமல் மாத்திரை கொடுப்பது பாவம் என்று மேடத்துக்கு ஒரு பிரசங்கமே செய்தார். மேடம் கதவைச் சாத்திக்கொண்டார்.

மெயிலில் படமே போகவில்லையா, இல்லை போன படத்தை சித்தப்பாவின் கம்ப்யூட்டர் தடுக்கிறதா என்பதுதான் அவருடைய சந்தேகம். கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைத்திருக்கும் ஏதாவது ஒரு படத்தை, மெயிலில் படம் சேர்ப்பதற்கென்று இருக்கிற பட்டனை அழுத்திப் போட்டு அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். அந்த நேரம் பார்த்து வெளியே புளி மூட்டைகள் வந்து இறங்கின. எடை பார்க்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அவர் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்.

மறுநாள் காலையில் ஆபீஸுக்கு சித்தப்பா போன் செய்தார்.

"படம் வந்துச்சுங்க." குரல் ஐஸ் மாதிரி இருந்தது. "ஆனா வயச மறச்சிட்டீங்க. பையனுக்கு இருவத்தொம்பதுன்னு சொன்னாங்க. மீசைக்கே நாப்பது இருக்கும் போல. இந்தப் பேச்ச இதோட வுட்டுர்லாங்க."

வைத்துவிட்டார். மெயிலைத் திறந்து பார்த்தேன். எங்கள் கம்ப்யூட்டரில் கேச்சு ஏதோ அடையாள அட்டைக்காக எப்போதோ போட்டு வைத்திருந்த அவருடைய பாஸ்போர்ட் சைஸ் படம், என் பெயரில் போயிருந்தது. கீழே, 'இது தெரிகிறதா?' என்று ஒரே ஒரு வரி.

பின்னால் கேச்சு வந்து நின்றிருந்தார். தெரிந்ததாமா என்று கேட்டார். தெரிந்ததாம் என்றேன். மேஜையை ஒரு தட்டு தட்டினார் பாருங்கள், தேன் பாட்டில்கள் ஆடின.

"நான் நெனச்சதுதான். நீ ஒட்டுனப்ப படம் போவல தம்பி, அது இருக்கற எடத்தோட அட்ரஸ் மட்டும் போச்சு. அந்த எடத்த ஒங்கக்கா பூட்டி வெச்சிருக்கா. ஒங்கிட்ட சாவி இருந்துச்சு, ஒனக்குத் தெரிஞ்சுது. அவருகிட்ட ஏது சாவி? படத்த மொதல்ல கம்ப்யூட்டர்ல எறக்கிக்கினு அப்புறமா போட்டிருந்தா நேராப் போயிருக்கும்."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். சித்தப்பா சொன்னதைச் சொன்னேன். கேச்சு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மருந்து கைவசம் இல்லாத கேச்சுவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

"என்னப் போய் மாப்ளன்னு நெனைச்சாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அதில் இருந்தது வருத்தமா வெட்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

ஆரணிக்குப் புறப்பட்டோம். மலையிறங்கும் வழி நெடுகத் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். கொண்டை ஊசி வளைவுகளிலும் கேட்டார். மன்னித்துவிட்டேன் அண்ணா, ரோட்டைப் பாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்த சித்தப்பா முதலில் கேச்சுவைத்தான் பார்த்தார். படத்தில் பார்த்த மீசை நேரில் வந்து நிற்பதைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. கேச்சு கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, நான் டெஸ்ட்டு. மாப்ள இவரு."

சித்தப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்கு பார்த்த மனிதர் இல்லையா, நம்பாவிட்டாலும் விளக்கம் கேட்டார். கேச்சு சாவி, பூட்டு எல்லாவற்றையும் விளக்கினார். கேட்டுவிட்டு, எங்கே என் கம்ப்யூட்டரில் காட்டு பார்ப்போம் என்றார் சித்தப்பா. கேச்சுவின் கண்ணைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. உட்கார்ந்தார். பழக்க தோஷம், துடைத்துவிட்டார்.

சித்தப்பாவின் மெயில் பாஸ்வேர்டு போயிற்று. அது என்னவென்று சித்தப்பாவுக்கு நினைவில்லை. அவர் மெல்ல எழுந்து நின்றார். நாங்களும் எழுந்து நின்றோம்.

அந்த நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. வேலை முடிந்து வந்த கோமதி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்து என்ன சமாச்சாரம் என்று கேட்டாள். சித்தப்பா சொன்னார். புது பாஸ்வேர்டுக்கான எண் அவள் போனுக்குத்தான் வரும் போலிருக்கிறது. நின்ற நிலையிலேயே தட்டி மெயிலைத் திறந்து கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"'இது தெரிகிறதா'ன்னு எழுதியிருந்துச்சு. யாராச்சும் பொண்ணு வூட்டுக்கு அப்படி எழுதுவாங்களா? டெஸ்ட் மெயிலா இருக்கும் சித்தப்பான்னு அப்பவே சொன்னேன், இவரு கேக்கல. அது சரி, மூணு தடவ காலிக் கட்டம் போச்சே, ஒரு ஃபோன் பண்ணிக் கேக்கணும்னு உங்களுக்குத் தோணலியா?"

தோன்றவில்லை என்றேன். வேறென்ன சொல்வது? அவள் சிரித்துவிட்டாள். சித்தப்பா உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். கேச்சு மட்டும் கம்ப்யூட்டரை விட்டுத் தள்ளி, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கல்யாணம் சந்தவாசலில் நடந்தது. மேடைக்கு வந்து படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்பியும் கேச்சு கடைசி வரிசையை விட்டு அசையவில்லை. பெண் வீட்டில் யாராவது மறுபடி தன்னை மாப்பிள்ளை என்று நினைத்துவிட்டால் வம்பு என்றாராம். கடைசியில் நானே மாலையும் கழுத்துமாக இறங்கிப் போய், கையைப் பிடித்து இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் படத்தைத்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, மீசைக்காரர் யாரு, உங்க அண்ணனா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.