சின்னராஜின் காந்தப் பெல்ட்

சின்னராஜின் வயிற்றில் ஒட்டிய பதினேழாம் நம்பர் ஸ்பானரைப் பிடுங்க, பட்டறைப் பையன் சென்னிமலை மேசையில் ஒரு காலை முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

"மொதலாளி, இதைக் கழட்டி வெச்சுட்டுப் பட்டறைக்கு வரலாமுங்களே?"

"திங்கக்கெழம வரைக்கும் கழட்டறதா இல்ல. வேலயப் பாரு."

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் சின்னராஜுக்கு ஊசி என்றாலே குலை நடுங்கும். டாக்டரோ, சர்க்கரை முந்நூறைத் தாண்டிவிட்டது, தினமும் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும் என்றார். "பத்து நாள் டைம் குடுங்க" என்று எழுந்து வந்துவிட்டார் சின்னராஜ். அவருடைய மனைவி சரிதாதான் மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

காந்தப்புலத்தில் வைத்த கணையச் செல்கள் கூடுதலாக இன்சுலின் சுரந்தன என்று அவர் செல்போனில் படித்திருந்தார். அவை தட்டில் வளர்த்த எலிச் செல்கள் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டல்ல. எலிக்குச் சின்னக் காந்தம், தனக்குப் பெரிய காந்தம், அவ்வளவுதானே. பழைய ஸ்பீக்கர்களை உடைத்து ஆறு காந்தங்களைத் தார்ப்பாய்த் துணியில் வைத்துத் தைத்தார்.

காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் சரிதா பெல்ட்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிடுவாள். அவர் கைகளைத் தூக்கி, கண்ணை மூடி, மூச்சை இழுத்துப் பிடிப்பார்.

"சுருக்குங்குது சரிதா."

"பட்டறை இரும்புத் தூளு ஒட்டியிருக்குமுங்க. தொடைச்சு உடறேன்."

"தூளா? காந்தம் வேல செய்யுது புள்ள."

ஆணியும் போல்ட்டும் ஒட்டாமலிருக்க மேலே ரெக்சின் சுற்றினார். இழுப்பு குறைந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. இன்னும் நான்கு காந்தம் சேர்த்தார். அன்றைக்கே, டெலிவரிக்கு நின்ற லாரியின் தகட்டைக் குனிந்து பார்த்தவர் அப்படியே ஒட்டிக்கொண்டார். டிரைவர் கவனிக்காமல் வண்டியை எடுத்துவிட்டார். பட்டறை வாசல் வரை முதலாளி லாரியோடு பக்கவாட்டில் நடந்தார்.

"பெல்ட்ட அவுத்துடுங்க மொதலாளி" என்று சென்னிமலை ஓடி வந்தான்.

"லாரிய நிறுத்தச் சொல்றா. பெல்ட்டப் பத்திப் பேசாதே."

திங்கட்கிழமை டாக்டரிடம் போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை நீட்டினார். சர்க்கரை நூற்றுப் பதினெட்டு.

சின்னராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. பெல்ட்டை அவிழ்த்து டாக்டர் முன்னால் வைத்தார். ஸ்டெதஸ்கோப் போய் ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா டாக்டர்? ஒரு ஊசி இல்ல. ஆயுசுக்கும் எனக்கு இது போதும்."

டாக்டர் சரிதாவைப் பார்த்தார். சரிதா மின்விசிறியைப் பார்த்தாள்.

சின்னராஜ் பெல்ட்டோடு திரைக்குப் பின்னால் போய்க் கைகளைத் தூக்கி நின்றார். "சரிதா, வந்து கட்டி உடு."

அதற்குள் நர்ஸ் கோகிலவாணி அவசரமாக உள்ளே வந்தாள். திரைக்குப் பின்னால் இருந்தவர் அவள் கண்ணில் படவில்லை.

"அக்கா, இன்சுலின் பேனா தீந்திருக்குமே, இந்தாங்க புதுசு. பெல்ட்டு கட்டறப்ப நீங்க ஊசி போடறது அண்ணனுக்கு இன்னும் தெரியாதுதானுங்க?"